செத்துப்போச்சு என்று சொன்ன டிஸ்க்

அவளுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. அடையாள அட்டையைப் பார்த்தால்தான் அது தெரியும். தெருவில் அவள் திருப்புளி அக்கா. கொண்டையில் எந்நேரமும் ஒரு சின்னத் திருப்புளி, அதாவது ஸ்க்ரூடிரைவர், செருகியிருக்கும். தபால்காரரிலிருந்து மேல்மாடிப் பல் டாக்டர் வரை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். ஐம்பத்திரண்டு வயதாகிவிட்டது, இனிமேல் பெயர் மாறி என்ன ஆகப்போகிறது என்று அவளும் விட்டுவிட்டாள்.

கடை என்று சொல்வதே கொஞ்சம் பெரிய வார்த்தை. மூன்று மாடிக் கட்டடத்தின் படிக்கட்டுக்கு அடியில் இருந்த இடத்தைப் பலகை வைத்து அடைத்து, ஒரு மேசை, ஒரு விளக்கு, இரண்டு முக்காலி போட்டிருந்தாள். உள்ளே போகப்போகக் கூரை தாழ்ந்துகொண்டே வரும். பல் டாக்டரிடம் போகிறவர்கள் தலைக்கு மேலே மெதுவாக ஏறுவதும், திரும்பி வருகிறவர்கள் விறுவிறுவென்று இறங்குவதும் கேட்கும். சுவரில் ஒரு அட்டை தொங்கியது. ‘நீங்கள் என்ன செய்து பார்த்தீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லவும்.’ அதைப் படித்துவிட்டுச் சிரிக்கிறவர்கள் உண்டு. சிரித்த அடுத்த நிமிடமே பொய் சொல்கிறவர்களும் உண்டு. தண்ணீர் கொட்டிய மடிக்கணினியைக் கொண்டுவந்து ‘தானாகவே நின்னுடுச்சு’ என்பார்கள். கவிழ்த்தால் காப்பி சொட்டும். அப்போது திருப்புளி அக்கா பேசுகிற பேச்சைக் கேட்க வேண்டும்.

அவளுக்குக் கோபம் மூக்குக்கு மேலே. ஆனால் இயந்திரத்தின் மேல் அவள் கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை. இயந்திரம் பொய் சொல்லாது என்பாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கடையைத் திறந்து பத்து நிமிடம்கூட ஆகவில்லை. ஒரு பெண் போர்வையில் எதையோ மூட்டையாகக் கட்டி இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். தோளில் அளவு நாடா தொங்கியது. வேலையிலிருந்து அப்படியே எழுந்து வந்த தையற்காரி. மூட்டையை மேசையில் இறக்கி அவிழ்த்தாள். கணினிப் பெட்டி.

“இதுக்கு முன்னாடி யார் கை வெச்சாங்க?” என்று கேட்டாள் திருப்புளி அக்கா. எல்லோரிடமும் அவள் கேட்கிற முதல் கேள்வி அதுதான்.

“எங்க கொழுந்தன் பார்த்தாரு.”

“என்ன பண்ணாரு?”

“மூடியைத் திறந்து ஊதினாரு. அப்புறம் ரெண்டு தட்டுத் தட்டினாரு.”

“ஏன், ஏப்பம் விடும்னு பார்த்தாரா?”

தையற்காரி சிரிக்கவில்லை. “அப்புறம் பெரிய கடையில குடுத்தோம்க்கா. ஸ்கிரீன்ல டிஸ்க் இல்லைன்னு வந்துச்சு. டிஸ்க் செத்துப்போச்சு, உள்ள இருந்த எதுவும் வராதுன்னு சொல்லிட்டாங்க. வேற டிஸ்க் போட்டுக் குடுத்தாங்க. ரெண்டு நாள் ஓடுச்சு. இன்னிக்குக் காலையில மறுபடியும் அதே மாதிரி நின்னுடுச்சு. எனக்கு இந்தப் பெட்டி ஓடணும்னு இல்லைக்கா. பழைய டிஸ்குல ஒரு ஃபைல் இருந்துச்சு. அது எங்கேயாவது ஒட்டிக்கிட்டு இருக்குமான்னு கேட்கத்தான் வந்தேன்.”

என்ன ஃபைல் என்று கேட்டபோது கதை வந்தது. அவளுக்கு ஒன்பது வயதில் ஒரு மகள். மூன்று வயதிலிருந்து வலிப்பு. ஆறு வருடமாக ஒவ்வொரு வலிப்பையும் தையற்காரி கணினியில் கட்டம் போட்டு எழுதிவந்திருக்கிறாள். தேதி, மணி, எத்தனை வினாடி, எந்தக் கை முதலில் இழுத்தது, முடிந்த பிறகு எவ்வளவு நேரம் தூங்கினாள், அன்றைக்கு மருந்து எத்தனை மில்லி. பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பெண்ணிடம் உட்கார்ந்து கட்டம் போடக் கற்றுக்கொண்டாள். ஒவ்வொரு முறை ஆஸ்பத்திரி போகும்போதும் அதை அச்செடுத்துக்கொண்டு போவாள். கடைசியாக அச்செடுத்தது ஐந்து மாதத்துக்கு முன்னால். அப்போதுதான் மருந்தை மாற்றினார்கள்.

“மூளைக்கு ஆப்பரேஷன் பண்றவர் ஒருத்தர் இருக்காரு. அவரைப் பார்க்கப் பதினோரு மாசம் காத்திருந்தோம். நாளைக்குப் பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்காங்க. புது மருந்துக்கு அப்புறம் என்ன ஆச்சுன்னு முழு விவரம் வேணும், இல்லேன்னா அடுத்த தடவை பார்த்துக்கலாம்னு கடிதம் வந்திருக்கு. அடுத்த தடவைன்னா மறுபடியும் வரிசையில கடைசிக்குப் போகணும்.”

“அந்த அஞ்சு மாசம் வேற எங்கேயும் எழுதி வைக்கலையா?”

“இல்லக்கா. கம்ப்யூட்டர்ல இருக்கேன்னு இருந்துட்டேன்.”

வேறு யாராவது இதைச் சொல்லியிருந்தால் திருப்புளி அக்கா ஒரு அரைமணி நேரம் திட்டியிருப்பாள். இன்றைக்குக் கொண்டையிலிருந்து திருப்புளியை உருவினாள்.

பெட்டியின் மூடியைக் கழற்றி, மின்சாரம் கொடுக்கும் உள்பெட்டியைத் தனியாக எடுத்துத் திறந்தாள். விளக்கைச் சாய்த்துப் பார்த்தாள். பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. வரிசையாக நின்ற, மின்சாரத்தைச் சேர்த்துச் சீராக்கும் கப்பாசிட்டர்களில் மூன்றின் தலை உப்பியிருந்தது. ஒன்று கசிந்து பழுப்பாகக் காய்ந்துபோயிருந்தது. கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு? அளந்து பார்க்கவே வேண்டியதில்லை. ஆனாலும் அளந்தாள். பன்னிரண்டு வோல்ட் வரவேண்டிய கம்பியில் ஒன்பதரை வந்தது.

“வேலை முடிஞ்சதும் நீங்க ப்ளக்கைக் கழட்டி வெச்சுடுவீங்களா?”

“ஆமாக்கா. பாப்பா விழுந்தா கம்பியில மாட்டிக்குவாளேன்னு கழட்டிடுவேன். உங்களுக்கு எப்படித் தெரியும்?”

தெரியாமல் என்ன? தலை வீங்கிய கப்பாசிட்டர் மின்சாரத்திலேயே கிடந்தால் எப்படியோ இழுத்துப் பிடித்து ஓடும். கழற்றி வைத்து ஆறிப்போனால் ஏதோ ஒரு நாள் எழுந்திருக்காது. பெரிய கடையில் இரவும் பகலும் மின்சாரத்திலேயே வைத்திருந்திருப்பார்கள், ஓடியிருக்கும். வீட்டுக்கு வந்து தினமும் ப்ளக்கைக் கழற்றியதில் இரண்டே நாளில் படுத்துவிட்டது. டிஸ்க் சுழலப் போதுமான சக்தி வரவில்லை. அதனால் திரை ‘டிஸ்க் இல்லை’ என்று சொன்னது. பசியில் எழுந்திருக்க முடியாமல் படுத்திருந்தவனைச் செத்துவிட்டான் என்று தூக்கிக்கொண்டு போன கதை.

“உங்க டிஸ்க் சாகலை,” என்றாள் திருப்புளி அக்கா. “அந்தப் பழைய டிஸ்கைத் திருப்பிக் கேட்டீங்களா?”

“கேட்டேன். கடை வழக்கம் குடுக்கிறதில்லைன்னுட்டாங்க.”

கடை வழக்கம். திருப்புளி அக்கா எழுந்து கடையின் பலகையைச் சாத்தினாள். வந்த வேகத்தில் மேல்படியில் தலையை இடித்துக்கொண்டாள். இந்தக் கடை போட்ட ஒன்பது வருடத்தில் அதுதான் முதல் முறை.

அந்த வழக்கம் அவளுக்குத் தெரியாததல்ல. பெரிய கடை அவளுடைய தம்பியின் கடை. அதற்கு முன்னால் அவர்களுடைய அப்பாவின் கடை. அப்பா ரேடியோ மெக்கானிக். கழற்றிய எந்த உதிரிப் பாகத்தையும் தூக்கி எறியமாட்டார். வாடிக்கையாளர் கேட்காமல் விட்டுப்போன பழைய வால்வு, ஸ்பீக்கர், கம்பிச்சுருள் எல்லாம் ஒரு மரப்பெட்டிக்குள் போகும். அதற்கு மிச்சப் பெட்டி என்று பெயர். ஓய்வான நேரத்தில் ஒவ்வொன்றாக எடுத்துச் சோதித்து, உயிர் இருப்பதை அடுத்தவருடைய ரேடியோவில் போடுவார். புதுசு வாங்க வசதி இல்லாதவர்களுக்கு அது பெரிய உதவி. அப்பாவை ஊரே வாழ்த்தியது. பன்னிரண்டு வயதில் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து ஈயம் பற்றவைக்கக் கற்றுக்கொண்டவள் இவள். தம்பி கல்லாவில் உட்காரக் கற்றுக்கொண்டான். அப்பா போன பிறகு கடை கல்லாவில் இருந்தவனுக்குப் போனது. ‘பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்கு மெக்கானிக் கடை’ என்று சொந்தக்காரர்கள் ஒரே குரலில் சொன்னார்கள். அவர்கள் வீட்டு ரேடியோவையெல்லாம் சரிபண்ணியது யார் என்பது யாருக்கும் நினைவில்லை.

அதற்குப் பிறகும் பதினோரு வருடம் தம்பியிடம் வேலை பார்த்தாள். ரேடியோ போய்க் கணினி வந்தது. கண்ணாடிக் கதவு வந்தது. ‘தலைமைப் பொறியாளர்’ என்று தம்பி தன் படத்தைப் போட்டுப் பலகை வைத்தான். ஒரு பெட்டிக்குப் பதினைந்து நிமிடம்தான் என்று சட்டம் போட்டான். ‘ரிப்பேர் பண்ணிக்கிட்டு உட்காராதே அக்கா, மாத்திடு’ என்பான். ஒருநாள் திருப்புளியைக் கொண்டையில் செருகிக்கொண்டு வெளியே வந்தவள்தான். திரும்பிப் போகவில்லை.

இன்றைக்குப் போனாள். பின்னாலேயே தையற்காரி ஓட்டமும் நடையுமாக வந்தாள்.

கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு அக்கா உள்ளே வருவதைப் பார்த்ததும் தம்பி நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டான். ஐம்பதை நெருங்கினவன், சட்டையில் மடிப்புக் கலையாதவன். “வாக்கா, வா. உட்காரு. என்ன இவ்வளவு தூரம்?”

“மிச்சப் பெட்டியை எடு.”

“எதுக்கு?”

“இவங்க டிஸ்கைச் செத்துப்போச்சுன்னு சொல்லி வாங்கி வெச்சிருக்கே. அது சாகலை. பவர் சப்ளைதான் போயிருக்கு. வாசல்ல கரண்ட் இல்லாததுக்கு வீட்டுக்காரரையே மாத்தி அனுப்பியிருக்கே.”

கடையில் நின்றிருந்த இரண்டு வாடிக்கையாளர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தம்பி குரலைத் தாழ்த்தினான். “மெதுவாப் பேசு. என்னமோ நான் திருடின மாதிரி பேசுறே? அப்பா காலத்துலேர்ந்து இந்தக் கடையில அப்படித்தானே. பழைய பார்ட் கடைக்கு. நல்லா இருந்தா இன்னொருத்தருக்கு உதவும். நீயும்தானே செஞ்சே?”

“வால்வு வேற, இது வேறடா. ரேடியோ வால்வுக்கு யார் வீட்டுப் பிள்ளைக்கு என்னிக்கு வலிப்பு வந்துச்சுன்னு தெரியுமா?”

இத்தனை வருடத்தில் அப்படி ஒரு வித்தியாசம் இருப்பதே அவனுக்குத் தோன்றியதில்லை என்பது முகத்தில் தெரிந்தது. அதைப் பார்த்தபோது அவளுக்குக் கோபம் இன்னும் ஏறியது. திருடனாக இருந்தாலாவது திட்டித் தீர்க்கலாம். இவன் அப்பாவின் பெயரைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு இதைச் செய்திருக்கிறான்.

அதே மரப்பெட்டிதான். உள்ளே பதினேழு டிஸ்க் கிடந்தன. மேலாகக் கிடந்தவற்றில் எது யாருடையது என்று எந்த அடையாளமும் கிடையாது. திருப்புளி அக்கா கடையின் வேலைமேசையிலேயே உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கம்பியில் மாட்டினாள். பக்கத்தில் முக்காலியில் தையற்காரி. அடுத்தவர் பொருள் என்பதால் அக்கா எதையும் திறக்கவில்லை. மேலே தெரிகிற ஃபோல்டர் பெயர்களை மட்டும் பார்த்தாள். ‘அண்ணன் கல்யாணம்.’ ‘புது வீட்டு பிளான்.’ ‘கோர்ட்டுக்கு.’ ‘ஆராய்ச்சிக் கட்டுரை கடைசி.’ அதற்குக் கீழே ‘கடைசி 2’. அதற்கும் கீழே ‘இதுதான் கடைசி’. ஒவ்வொன்று மாட்டும்போதும் தையற்காரி திரைப் பக்கம் எட்டிப் பார்த்தாள். ஒவ்வொரு முறையும் “இது இல்லக்கா” என்றாள்.

பதினேழில் ஐந்து நிஜமாகவே செத்தவை. பன்னிரண்டு உயிரோடு இருந்தன. பன்னிரண்டு வீடுகளில் ஒன்றும் வராது என்று கைவிரித்திருக்கிறார்கள். ஒவ்வொன்று உயிரோடு வரும்போதும் அவள் தம்பியைத் திரும்பிப் பார்த்தாள். முதல் நாலைந்துக்கு அவன் ஏதோ சமாதானம் சொன்னான். பிறகு வாயை மூடிக்கொண்டான்.

கடைசியாக, பெட்டியின் அடியில் கிடந்த மூன்று டிஸ்குகளை எடுத்தபோது அவளுடைய வாயும் மூடிக்கொண்டது. மூன்றின் மேலும் வெள்ளை நாடா ஒட்டியிருந்தது. நாடாவில் ஒரு ரசீது எண்ணும், ‘நல்லது’ என்ற ஒரு வார்த்தையும். அவளுடைய கையெழுத்து. பதினைந்து நிமிடச் சட்டத்தில் போய்விட்டது என்று சொல்லி மாற்றிக் கொடுத்ததும் அவள்தான். பிறகு ஆற அமரச் சோதித்து, நன்றாக இருக்கிறது என்று கண்டுபிடித்ததும் அவள்தான். கண்டுபிடித்தவள் ஒரு போன் செய்து சொல்லியிருக்கலாம். நாடா ஒட்டிப் பெட்டியில் போட்டிருக்கிறாள். ஊர் முதுகைப் பார்க்க அவ்வளவு வேகமாக நடந்து வந்தவளுக்குத் தன் முதுகு இங்கே பெட்டிக்குள் கிடந்தது தெரியாமல் போயிற்று.

மூன்றையும் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

“இவங்களோடது இதுல இல்லை. இந்த வாரம் பெட்டியிலேர்ந்து எடுத்து யாருக்காவது போட்டீங்களா?” என்று கேட்டாள்.

மூலையில் வேலை பார்த்துக்கொண்டிருந்த வழுக்கைத் தலை மெக்கானிக் தன் மேசையைப் பார்த்தார். அங்கே ஒரு பெட்டி திறந்தபடி ஓடிக்கொண்டிருந்தது. திரையில் புதிதாக விண்டோஸ் ஏறிக்கொண்டிருந்தது. முப்பத்தொரு சதவீதம். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே முப்பத்திரண்டு ஆனது.

அவள் எழுந்தது தம்பிக்குத் தெரிவதற்குள் சுவரிலிருந்து ப்ளக்கைப் பிடுங்கிவிட்டாள்.

“என்னக்கா பண்றே, அது வேற கஸ்டமரோடது.”

“பெட்டி கஸ்டமரோடது. உள்ள இருக்கிறது இவங்களோடது. அது மேல ஒவ்வொரு சதவீதமா மண்ணைப் போட்டு மூடிக்கிட்டிருக்கீங்க.”

பதினைந்து நிமிடத்தில் டிஸ்கைக் கழற்றிக்கொண்டு வெளியே வந்தாள். அந்த ஒரு விஷயத்தில் தம்பியின் சட்டத்தை அன்றைக்கு அவள் மீறவில்லை.

தன் கடைக்கு வந்ததும் முதலில் அவள் செய்தது டிஸ்கை அப்படியே இன்னொரு பெரிய டிஸ்கில் பிரதி எடுத்தது. அசலின் மேல் ஒரு எழுத்துகூடப் புதிதாக ஏறக்கூடாது. தேடுவது, நோண்டுவது எல்லாம் பிரதியில்தான். அவசரப்பட்டு அசலில் கைவைத்துக் குட்டிச்சுவராக்கியவர்கள் எத்தனையோ பேர். பிரதி எடுக்கவே இரண்டரை மணி நேரம் ஆகும் என்றாள். தையற்காரி தலையாட்டினாள். தலைக்கு மேல் படியில் ஒரு பிள்ளை அழுதுகொண்டே பல் டாக்டரிடம் ஏறியது.

அழித்தாலும் எல்லாம் போய்விடுவதில்லை என்று திருப்புளி அக்கா அவளுக்குச் சொன்னாள். வீட்டுக் கதவிலிருந்த எண் பலகையை மட்டும் பிடுங்கியிருக்கிறார்கள். வீட்டுக்குள் பொருள் அப்படியேதான் இருக்கும். ஆனால் அதன் மேல் புதிதாக எது ஏறியதோ அந்த இடம் போனது போனதுதான். முப்பத்திரண்டு சதவீதத்துக்குள் எது மாட்டிக்கொண்டது என்பது திறந்தால்தான் தெரியும்.

மூன்று மணி இருக்கும். தையற்காரியின் போன் அடித்தது. மகளைப் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரி.

“எப்போ? இப்பவா?” தையற்காரி எழுந்து நின்றாள். “எந்தக் கை? நல்லாப் பாரு. வலதா? எத்தனை நேரம் ஆகுது? சாய்ச்சுப் படுக்க வெச்சிருக்கியா? வாயில எதையும் வைக்காதே. எண்ணிக்கிட்டே இரு, நான் லைன்ல இருக்கேன்.”

மேசையிலிருந்த ஒரு அட்டைப் பெட்டியை இழுத்து, திருப்புளி அக்காவின் பேனாவை எடுத்து, நின்றபடியே எழுதினாள். செவ்வாய், மூன்று மணி ஏழு நிமிடம், வலது கை, நாற்பது வினாடி. போனை வைத்த பிறகுதான் உட்கார்ந்து அழுதாள்.

“வீட்டுக்குப் போங்க. கிடைச்சதும் நான் கொண்டுவந்து தர்றேன்,” என்றாள் திருப்புளி அக்கா.

“தூங்கிட்டாளாம். எழுந்திருக்க ஒரு மணி நேரம் ஆகும். அந்த ஒரு மணி நேரம் இங்க இருக்கேன்.”

ஆறு வருடம் பொத்திப் பொத்திச் சேர்த்ததைப் பதினைந்து நிமிடச் சட்டம் தூக்கிப் பெட்டியில் போட்டது. திருப்புளி அக்காவுக்கு யாரையாவது அடிக்க வேண்டும் போல இருந்தது. அடிக்க வேண்டியவர்கள் வரிசையில் தானும் நிற்பது நினைவுக்கு வந்தது.

மூன்றே முக்காலுக்கு ஃபைல்கள் வரத் தொடங்கின. பெயரெல்லாம் போய், வெறும் எண்ணாக வந்தன. முதலில் வந்தவை தையல் டிசைன் படங்கள். பிறகு மகளின் வீடியோக்கள். பத்தொன்பதில் பதினொன்று திறந்தன. பிறகு அந்தக் கட்டம் போட்ட ஃபைல். திறக்கவில்லை. நடுவில் அதன்மேல் விண்டோஸ் ஏறியிருந்தது.

திருப்புளி அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு தேடினாள். எழுதும்போது கணினி தானாகப் பக்கத்தில் ஒரு நகலைச் சேமித்துவைக்கும். அது எங்கேயாவது தப்பியிருக்குமா என்று ஒவ்வொன்றாகத் திறந்தாள். ஏழாவது நகல் திறந்தது. தையற்காரி எழுந்து வந்து விரலைத் திரையில் வைத்து ஒவ்வொரு வரியாக இறங்கினாள்.

“மூணரை மாசம் இருக்குக்கா. கடைசி ஆறு வாரம் இல்லை.”

இதற்கு மேல் வராது. திருப்புளி அக்கா அதை நேராகச் சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை.

“நான் எழுதாம விட்டேன்னு நினைப்பாங்க,” என்றாள் தையற்காரி. “போன தடவை அந்த நர்ஸ் கேட்டாங்க, ‘எல்லாம் நீங்களே எழுதினதா, இல்ல வர்றதுக்கு முந்தின நாள் உட்கார்ந்து நிரப்பினதா’ன்னு.”

அப்போது பலகைக்கு வெளியே தம்பி நின்றுகொண்டிருந்தான். கையில் அந்த மரப்பெட்டி. எவ்வளவு நேரமாக நிற்கிறான் என்று தெரியவில்லை. குனிந்து உள்ளே வந்து பெட்டியைக் கீழே வைத்தான். “நீயே வெச்சுக்கோ,” என்றான். “வெளியில சொல்லிடாதேக்கா. அப்பா பேரு கெட்டுடும்.”

அவள் ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் அவன் முன்னால் தள்ளினாள். “நாளைக்கு இவங்க டாக்டரைப் பார்க்கணும். ஆறு வாரக் கணக்கு எங்கேன்னு கேட்பாரு. பதில் எழுதிக் குடு.”

அவன் எழுதினான். ‘தொழில்நுட்பக் கோளாறு காரணமாகச் சில விவரங்கள் கிடைக்கவில்லை என்பதைத் தெரிவித்துக்கொள்கிறோம்.’ அவள் படித்தாள். தாளைக் கிழித்தாள். இன்னொரு தாள் வைத்தாள்.

“தொழில்நுட்பத்துக்கு எந்தக் கோளாறும் இல்லை. கோளாறு யாருக்கோ அவன் பேரைப் போட்டு எழுது.”

மூன்றாவது தாளில்தான் அது சரியாக வந்தது. ‘இந்தத் தாய் எழுதி வைத்திருந்தார். அவருடைய டிஸ்க் பழுதாகவில்லை. பழுது என்று சொல்லி நான் எடுத்துக்கொண்டேன். அதை அழித்ததும் நான்தான்.’ கீழே கையெழுத்துப் போட்டான். தையற்காரியைப் பார்த்து, “நாளைக்கு நானும் வர்றேம்மா. டாக்டர் கேட்டா நானே சொல்றேன்,” என்றான். யாரும் அவனை அப்படிச் சொல்லச் சொல்லவில்லை. அவன் அக்கா அதற்காக அவனைப் பாராட்டவும் இல்லை.

மறுநாள் பன்னிரண்டு மணிக்குத் தையற்காரி போன் செய்தாள். டாக்டர் மூன்றரை மாதத்தையும் வரி வரியாகப் படித்தாராம். கடிதத்தை இரண்டு முறை படித்தாராம். தம்பியை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தாராம். வரிசையில் பின்னால் அனுப்பவில்லை. அடுத்த மாதம் பரிசோதனைக்குப் படுக்கை கொடுத்துவிட்டார். அட்டைப் பெட்டியில் எழுதியிருந்ததையும் வெட்டி எடுத்துக் கோப்பில் சேர்த்துக்கொண்டாராம்.

“நல்லதும்மா,” என்று சொல்லவந்த திருப்புளி அக்காவுக்கு அந்த வார்த்தை வாயில் வரவில்லை. “பாப்பாவைப் பார்த்துக்கோங்க,” என்று மட்டும் சொன்னாள்.

பிறகு பையிலிருந்து மூன்று டிஸ்குகளை எடுத்து மேசையில் வைத்தாள். தம்பியிடமிருந்து பழைய ரசீதுப் புத்தகங்கள் வந்திருந்தன. முதல் நாடாவின் எண்ணைப் புத்தகத்தில் தேடினாள். பத்து வருடத்துக்கு முந்தைய ரசீது. ஓர் ஆண் பெயர், ஒரு போன் எண். அந்த எண் இன்னமும் இருக்காது என்று பாதி நம்பிக்கொண்டுதான் அடித்தாள். மூன்றாவது மணியில் எடுத்துவிட்டார்.

கம்ப்யூட்டர் கடையிலிருந்து பேசுகிறேன், நீங்கள் பத்து வருடத்துக்கு முன்னால் கொடுத்த டிஸ்க் சாகவில்லை, நன்றாக இருக்கிறது, வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொன்னாள்.

“அதுல என்ன இருந்துச்சுன்னு தெரியுமாம்மா?” என்றார் அவர். வயதான குரல். “நான் கட்டடத்துக்கு வரைபடம் போடறவன். நாலு மாச வேலை அதுல இருந்துச்சு. போட்டு முடிச்சுட்டேன், டிஸ்க் செத்துப்போச்சுன்னு ஆபீஸ்ல சொன்னேன். செத்த டிஸ்கைக் கொண்டா, பார்க்கலாம்னாங்க. கடைக்கு வந்து கேட்டேன். தர முடியாது, கடை வழக்கம் இல்லைன்னுட்டாங்க. வேலையே செய்யாம பொய் சொல்றேன்னு என்னை வெளிய அனுப்பிட்டாங்க. அதுக்கப்புறம் எந்த ஆபீஸ்லயும் என்னைச் சேர்த்துக்கலை.”

அவள் நாடாவில் தான் எழுதிய ‘நல்லது’ என்ற வார்த்தையைப் பார்த்தாள்.

“கடையில ஒரு பொம்பளை இருந்தாங்க. அவங்கதான் செத்துப்போச்சுன்னு சொன்னது. திருப்பித் தர முடியாதுன்னு சொன்னதும் அவங்கதான். அவங்க இப்போ எங்க இருக்காங்கன்னு தெரியுமா உங்களுக்கு?”

“தெரியும்,” என்றாள் திருப்புளி அக்கா. “நான்தாங்க அது.”

அவர் என்ன திட்டினாலும் கடைசி வரை கேட்டுக்கொள்வது என்று போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள்.